எலக்ட்ரான் நுண்ணோக்கி மையத்துக்கு மாதிரி அனுப்பும் ஆய்வு மாணவருக்கு

கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாத ஆய்வு மாணவர் ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் மையத்துக்குச் சிறு குப்பியில் மாதிரியை அனுப்புகிறார். சில வாரங்கள் கழித்து மின்னஞ்சலில் படங்கள் வருகின்றன, அவற்றில் பாதிக்கு மேல் ஆய்வேட்டில் சேர்க்க முடியாதவையாக இருக்கின்றன. இதற்குக் கருவியையோ அதை இயக்கியவரையோ குறை சொல்வது வழக்கம். ஆனால் குறை பெரும்பாலும் அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் யாரும் எழுதியிருப்பதில்லை, மாதிரியும் வெற்றிடத்துக்குள் வைத்துப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை. நுண்ணோக்கியின் முன் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், அதற்கு முந்தைய தயாரிப்பைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப்படுகிறது.

எந்தக் கருவி வேண்டும்?

ஆய்வகங்களில் ‘செம்’ என்றும் ‘டெம்’ என்றும் அழைக்கப்படும் இரு கருவிகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை. செம் என்னும் வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கி, 1 முதல் 30 கிலோவோல்ட் வரையிலான முடுக்கு மின்னழுத்தத்தில் எலக்ட்ரான் கற்றையை மாதிரியின் மேற்பரப்பில் வரிவரியாக ஓட்டி, அங்கிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களைக் கொண்டு படத்தை உருவாக்குகிறது. இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் மேற்பரப்பின் மேடுபள்ளத்தைக் காட்டுகின்றன. பின்சிதறும் எலக்ட்ரான்களோ அணு எண் கூடுதலான பகுதியை வெளிச்சமாகவும் குறைவான பகுதியை இருட்டாகவும் காட்டுவதால், ஒரு கலப்பு உலோகத்தில் எங்கே எந்தக் கட்டம் (தனி இயைபும் அமைப்பும் கொண்ட பகுதி) இருக்கிறது என்பதை அந்தப் படத்திலேயே ஊகித்துவிடலாம். டெம் என்னும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி, பொதுவாக 80 முதல் 300 கிலோவோல்ட் வரை முடுக்கப்பட்ட கற்றையை மாதிரிக்குள்ளேயே செலுத்துகிறது. ஆகவே மாதிரியின் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும், அதைத் தாங்கும் வலைத்தகடான கிரிட்டின் விட்டமே 3 மில்லிமீட்டர்தான்.

மேற்பரப்பின் வடிவம், விரிசல், துளைகள், மென்படலத்தின் குறுக்குவெட்டுத் தடிமன், சில பத்து நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களின் உருவம் ஆகியவற்றுக்குச் செம் போதும். தனித்தனி நானோத்துகளின் உண்மையான அளவு, படிகத் தளங்களின் இடைவெளி, ஒரு துகளுக்குள் இருக்கும் உள்ளகமும் மேலோடும், உயிரணுவின் உள்ளுறுப்புகள் ஆகியவற்றுக்கு டெம் வேண்டும். ஆய்விதழின் திறனாய்வாளர் கேட்பார் என்ற ஒரே காரணத்துக்காக டெம் படம் எடுத்து வைப்பது நம்மிடையே பரவியிருக்கும் பழக்கம், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் விளிம்பு வளைவிலேயே (எக்ஸ்ஆர்டி) விடை கிடைத்துவிட்ட கேள்விக்கு மறுபடியும் டெம்மில் விடை தேடுவது பணத்துக்கும் காலத்துக்கும் கேடு.

கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் விலையுயர்ந்த கருவியும் உதவாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். தங்கமும் வெள்ளியும் கலந்த நானோத்துகள்களைச் செய்த ஒருவர், உயர் பிரிதிறன் டெம் படத்தில் 0.235 நானோமீட்டர் தள இடைவெளியை அளந்து, அது தங்கத்தின் 111 என்று எண்ணிட்ட படிகத் தளம் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளியின் 111 தள இடைவெளியும் ஏறத்தாழ அதே அளவுதான், அந்தப் படத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது துகளுக்குள் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று காட்டும் தனிம வரைபடம். அதை முன்பே கேட்டிருந்தால் வருடு-ஊடுருவு முறையும் எக்ஸ்கதிர் உணரியும் உள்ள மையத்தைத் தேடிப் போயிருப்பார்.

மையத்தைத் தேடுதலும் விண்ணப்பமும்

இந்தியாவில் வெளியாருக்குக் கருவிகளைத் திறந்துவிடும் ஏற்பாடு புதிதன்று. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களில் ஆர்.எஸ்.ஐ.சி. என்ற பெயரில் தொடங்கிய வட்டாரக் கருவி மையங்களே இன்று ‘சைஃப்’ என்ற பெயரில் இயங்குகின்றன. சென்னை ஐஐடி வளாகத்தில் ஒன்று இருக்கிறது, கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பது தென் மாவட்டங்களுக்கும் கோவைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தில்லி எய்ம்ஸில் உள்ள மையம் திசு மாதிரிகளில் நீண்ட பயிற்சி உடையது. இவை தவிர, நாடெங்கும் அரசுப் பணத்தில் வாங்கப்பட்ட ஆய்வுக் கருவிகளைத் தேடிப் பதிவுசெய்ய 2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘ஐ-ஸ்டெம்’ இணையவாசலில் கருவியின் வகையையும் ஊரையும் கொடுத்துத் தேடலாம். புரதக் கட்டமைப்பு ஆய்வுக்கான உறைகுளிர் நுண்ணோக்கி வேண்டுவோருக்குப் பெங்களூரில் தேசிய மையம் உண்டு. அது தனி உலகம், அதற்கான தயாரிப்பும் வேறு.

தேடலில் கருவி கிடைத்தவுடன் விண்ணப்பத்தை நிரப்பிவிடாமல், முதலில் மையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்துவிடுங்கள். கருவி இப்போது இயங்குகிறதா, உங்கள் வகை மாதிரியை ஏற்பார்களா, கிரிட்டில் இடுவதை அவர்களே செய்வார்களா அல்லது நீங்கள் செய்துகொண்டு வர வேண்டுமா, நேரில் வந்து உடன் அமர அனுமதி உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பின்னால் வரும் அலைச்சல் பெரும்பாலும் குறைந்துவிடும். கட்டணம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர், வெளிக் கல்வி நிறுவனம், அரசு ஆய்வகம், தொழில் நிறுவனம் என்று படிநிலையாக வேறுபடும், அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரலாம். மாணவர் கட்டணம் பெற நெறியாளரும் துறைத்தலைவரும் கையொப்பமிட்டு முத்திரை வைத்த கடிதத்தைப் பல மையங்கள் கேட்கின்றன. அந்த முத்திரைக்காக ஒரு வாரம் காத்திருக்க நேர்வது எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான சங்கதி என்பதால், நேரம் பதிவுசெய்யும் முன்பே கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தில் ‘மாதிரியின் தன்மை’ என்று கேட்கும் இடத்தில் ‘நானோ பவுடர்’ என்று மட்டும் எழுதுவது போதாது. வேதிப்பெயர், எதிர்பார்க்கும் துகள் அளவு, மின்கடத்தியா அல்லவா, காந்தத்தன்மை உண்டா, நச்சுத்தன்மையோ தொற்றும் தன்மையோ உண்டா, எந்தக் கரைப்பானில் விரவும், எத்தனை பாகை வரை சூடாக்கப்பட்டது ஆகியவற்றை எழுத வேண்டும். காந்தத்தன்மையை மறைப்பது பெரிய தவறு. இரும்பு ஆக்சைடு போன்ற துகள்கள் கருவியின் காந்தவில்லையால் இழுக்கப்பட்டு அதன் முனையிலேயே ஒட்டிக்கொண்டால் கருவியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும், அதுவரை வரிசையில் நிற்கும் அத்தனை பேருடைய வேலையும் நின்றுபோகும். தொற்றுக்கிருமி உள்ள மாதிரியை உயிரோடு அனுப்பக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி மாதிரியோடு வைத்துவிடுங்கள். ‘மாதிரி இ: 5,000 மடங்கில் பொதுத் தோற்றம் மூன்று இடங்களில், 50,000 மடங்கில் தண்டு வடிவத் துகள்களின் முனை, குறுக்குவெட்டில் படலத்தின் தடிமன்’ என்பது போல எழுதிய ஒரு பத்தி, கருவியை இயக்குபவருக்குப் பெரிய உதவி. அவர் ஒரே நாளில் பல துறைகளின் மாதிரிகளைப் பார்ப்பவர். உங்கள் ஆய்வின் நோக்கத்தை அவராக ஊகித்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாதிரியைத் தயார் செய்தல்

செம்முக்குப் போகும் தூள் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். சூளையில் எடுத்தவுடன் உலர்ந்திருந்த தூளும் மழைக்காலத்தில் இரண்டு நாள் குப்பியில் இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலத்தில் வைத்து அனுப்புங்கள். ஈரமோ ஆவியாகும் கரைப்பானோ மிச்சமிருந்தால் வெற்றிடம் கிடைக்கத் தாமதமாகும், உணரியும் மாசுபடும். மாதிரியைத் தாங்கும் சிறு அலுமினிய மேடையான ஸ்டப்பின் மேல் கார்பன் டேப்பை ஒட்டி, அதன்மேல் தூளை மிகக் குறைவாகத் தூவி, ஒட்டாத துகள்களை ஊதுகுமிழால் ஊதி அகற்றிவிட வேண்டும். நிறைய வைத்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக் குவித்து வைப்பவர்கள் உண்டு. குவியலின் மேலடுக்கில் இருக்கும் துகளுக்கு ஸ்டப்போடு மின்தொடர்பு இல்லாததால் அதில் மின்னூட்டம் சேர்ந்து, படம் வெண்கோடுகளாக இழுபடும். பாலிமர், பீங்கான், உலர்ந்த இலை போன்ற மின்கடத்தாப் பொருள்களின் மேல் 5 முதல் 10 நானோமீட்டர் வரை தங்கமோ பிளாட்டினமோ ஸ்பட்டர் முறையில் (உலோகத் தகட்டிலிருந்து அணுக்களைத் தெறிக்கவிட்டு) பூசுவது வழக்கம். 20 நானோமீட்டர் துகளின் மேல் 10 நானோமீட்டர் தங்கத்தைப் பூசிவிட்டு அதன் விட்டத்தை அளப்பதில் பொருளில்லை என்பதையும், பூச்சுக்குத் தேர்ந்தெடுக்கும் உலோகம் பிறகு தனிமப் பகுப்பாய்வில் குறுக்கிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டெம்முக்கான நானோத்துகள்களில் பெரும்பாலும் கெடுவது செறிவுதான். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான தூளை எத்தனாலிலோ ஐசோபுரோப்பனாலிலோ இட்டு, மீயொலியால் அதிரவைக்கும் சோனிகேட்டரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, கனமான துகள்கள் அடியில் படிய விட்டு மேலே நிற்கும் திரவத்தை எடுத்தால், அது நீராகாரத்தை விடவும் தெளிவாக, நிறம் இருப்பதும் இல்லாததும் சந்தேகமாகத் தோன்ற வேண்டும். அதில் ஒரே ஒரு சொட்டைக் கார்பன் படலம் பூசிய கிரிட்டில் இட்டு, தூசி படாத மூடிய தட்டில் இரவு முழுவதும் உலரவிட வேண்டும். துகள்களைப் பிரித்து வைக்க நீங்கள் பயன்படுத்திய சர்பாக்டன்ட் மிச்சமிருந்தால், எலக்ட்ரான் கற்றை பட்ட இடத்தில் ஹைட்ரோகார்பன் படிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் கருத்துக்கொண்டு போகும். இதைத் தவிர்க்க மையவிலக்கியில் சுழற்றி, கரைப்பானை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை கழுவிவிடுங்கள். கிரிட்டின் பொருளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்புத் துகள்களைச் செம்புக் கிரிட்டில் வைத்து அனுப்பிவிட்டு, செம்பு இருப்பதாகப் பகுப்பாய்வு சொல்கிறது என்று எழுத முடியாது, நிக்கல் அல்லது தங்கக் கிரிட் கேட்க வேண்டும். கிராபீன் போன்ற கார்பன் தாள்களுக்கு, முழுப் படலத்துக்குப் பதிலாக ஓட்டைகள் நிறைந்த கார்பன் படலம் உள்ள கிரிட்டைக் கேட்டால், ஓட்டையின் மேல் நீட்டி நிற்கும் தாளைப் பின்னணிக் குறுக்கீடு இன்றிப் பார்க்கலாம்.

உயிரியல் மாதிரியில் முதல் சில நிமிடங்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. திசுவை எடுத்தவுடன், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனத்துண்டுகளாகக் கூரிய பிளேடால் நறுக்கி, பி.எச். 7.2 முதல் 7.4 வரை உள்ள தாங்கல் கரைசலில் கலந்த 2.5 விழுக்காடு குளுட்டரால்டிஹைடில் இட்டு, 4 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். துண்டு பெரிதாக இருந்தால், திசுவை நிலைப்படுத்தும் அந்தக் கரைசல் நடுப்பகுதியை எட்டுவதற்குள் அங்கே உயிரணு சிதையத் தொடங்கிவிடும். உறையவைக்கும் பெட்டியில் போட்டு வைத்தால் பனிப்படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடும், அதன் பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அடுத்து ஆஸ்மியம் டெட்ராக்சைடு, எத்தனாலில் 30, 50, 70, 90, 100 விழுக்காடு என்று படிப்படியாக நீரகற்றல் ஆகியவை வருகின்றன. செம்முக்குப் போவதானால், கடைசியில் கார்பன் டை ஆக்சைடு கொண்டு, திசு சுருங்காமல் உலர்த்தும் மாறுநிலை உலர்த்தல் செய்வார்கள், டெம்முக்கானால் பிசினில் பதித்து, அல்ட்ராமைக்ரோடோமில் 60 முதல் 90 நானோமீட்டர் தடிமனில் சீவுவார்கள். சீவல் நீரின் மேல் மிதக்கும்போது வெள்ளி நிறமாக மின்னினால் தடிமன் சரி, பொன்னிறமானால் தடித்துவிட்டது என்று பழகிய கண் சொல்லிவிடும். ஆஸ்மியம் டெட்ராக்சைடின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கக்கூடியது. புகைக்கூண்டும் முறையான கழிவகற்றலும் இல்லாத ஆய்வகத்தில் இதைச் செய்யத் துணியாமல், குளுட்டரால்டிஹைடு வரை செய்துவிட்டு மீதியை மையத்திடம் விடுவதே சரி. பாக்டீரியாவைச் செம்மில் பார்க்க விரும்புவோருக்கு ஒரு சிறு குறிப்பு: உப்புள்ள தாங்கல் கரைசலிலிருந்து எடுத்து நேரே உலர்த்தினால் படம் முழுவதும் உப்புப் படிகங்களே தெரியும், கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில் இருக்க வேண்டும்.

கருவியின் முன் அமரும்போது

உடன் அமர அனுமதி கிடைத்தால் பயணச் செலவைப் பார்க்காமல் போய்விடுங்கள். தூரத்திலிருந்து அனுப்பிய பத்து மாதிரிகளை விட, அருகிருந்து பார்த்த மூன்று மாதிரிகள் அதிகம் சொல்லும். மாதிரிகளை வரிசைப்படுத்திக்கொண்டு செல்லுங்கள். மிக முக்கியமானதை முதலில் வையுங்கள், கடைசிக்கு ஒத்திப்போட்டால் அதற்கு நேரம் இருக்காது. ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டு மாதிரியையும் அதே நாளில், அதே மின்னழுத்தத்திலும் அதே உருப்பெருக்கங்களிலும் பார்க்க வேண்டும்.

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். 500 மடங்கில் மாதிரி முழுவதும் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகே 5,000, 20,000 என்று ஏற வேண்டும். நேரே ஒரு லட்சம் மடங்குக்குப் போய், அழகாக இருக்கும் ஒரே துகளைப் படமெடுத்துவிட்டு வருவதால், மாதிரியில் அந்த வடிவம் பொதுவானதா அரிதானதா என்ற கேள்விக்கு ஆய்வேட்டில் விடை இருக்காது. வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி தவறாமல் வரும்.

மின்னழுத்தத்தைக் கருவியை இயக்குபவர் முடிவுசெய்வார் என்றாலும், காரணத்தைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. கற்றையின் ஆற்றல் கூடக்கூட அது மாதிரிக்குள் ஆழமாக இறங்கிப் பரவும். 20 கிலோவோல்ட்டில் ஒரு மைக்ரான் அல்லது அதற்கும் மேல் உள்ளே போகும் கற்றை, மெல்லிய மேற்பரப்பு நுணுக்கங்களைத் தாண்டி அடியில் இருப்பதையும் கலந்து காட்டும். பாலிமர் இழைகளுக்கும் மென்படலங்களுக்கும் 2 முதல் 5 கிலோவோல்ட் வரையே போதும், மின்னூட்டம் சேர்வதும் கருகுவதும் குறையும். படத்தில் குவியத்தைச் சற்று முன்னும் பின்னும் திருப்பும்போது உருண்டைத் துகள் ஒருமுறை ஒரு திசையிலும் மறுமுறை அதற்குச் செங்குத்தான திசையிலும் நீண்டு தோன்றினால், அது அஸ்டிக்மாட்டிசம் என்னும் வில்லைக் குறை, அதற்கான திருத்தியைச் சரிசெய்த பிறகே படமெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் எடுத்த படத்தில் நீள்வட்டத் துகள்களைக் கண்டுபிடித்ததாக எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. டெம்மில் கற்றை பட்டு மாதிரி மாறுகிறதா என்பதை அறிய, ஒரே இடத்தை ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் படமெடுத்து ஒப்பிடுங்கள். சிறிய வெள்ளித் துகள்கள் கற்றையின் கீழ் உருகி ஒன்றுசேர்வது உண்டு.

‘ஈடாக்ஸ்’ தரும் எண்களை எந்த அளவு நம்பலாம்

எக்ஸ்கதிர் மூலம் தனிமங்களைக் கண்டறியும் இந்த இணைப்பு எல்லா ஆய்வேட்டிலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது, தவறுகள் மலிந்திருப்பதும் இங்கேதான். ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இது காணாது. கார்பன் டேப்பின் மேல் வைத்த மாதிரியில் வரும் கார்பன் விழுக்காட்டுக்குப் பொருள் இல்லை. தங்கம் பூசிய மாதிரியில் நிறமாலையில் 2.12 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் எழும் தங்கத்தின் முகடு, 2.01இல் வர வேண்டிய பாஸ்பரஸின் முகட்டோடு கலந்துவிடும். எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டில் கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் கேட்பவர்கள் தங்கமோ பிளாட்டினமோ பூசாமல் கார்பன் பூச்சைக் கேட்க வேண்டும். மாலிப்டினம் டைசல்பைடில் கந்தகத்தின் முகடும் மாலிப்டினத்தின் முகடும் 2.3க்கு அருகில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, மென்பொருள் பிரித்துக் கொடுக்கும் எண்ணை அப்படியே எழுதுவது துணிச்சல். பேரியம் டைட்டனேட்டிலும் 4.5க்கு அருகில் இதே சிக்கல் உண்டு. ஒரு முகட்டைத் தூண்ட அதன் ஆற்றலைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு மின்னழுத்தம் தேவை என்பதால், படத்துக்காக 5 கிலோவோல்ட்டில் வைத்திருந்த கருவியைப் பகுப்பாய்வுக்கு 15 அல்லது 20க்கு ஏற்ற வேண்டியிருக்கும். தரமாதிரி இன்றி எடுக்கப்பட்ட அளவீட்டில் ‘37.46 விழுக்காடு’ என்று இரண்டு தசம இலக்கத்துடன் எழுதுவதைத் தவிர்த்து, பல இடங்களில் எடுத்த சராசரியையும் சிதறலையும் கொடுங்கள்.

படங்களோடு திரும்பிய பிறகு

ஜேபெக் படங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். டிஃப் வடிவிலும், டெம் ஆனால் கருவியின் மூலக்கோப்பு வடிவிலும், ஈடாக்ஸின் முழு நிறமாலைக் கோப்பையும் கேட்டு வாங்கி, மாற்றம் எதுவும் செய்யாமல் தனியே சேமித்து வையுங்கள். பல மையங்கள் சில மாதங்களுக்குப் பிறகு கோப்புகளை அழித்துவிடும். பென்டிரைவை அனுமதிக்காத இடங்களும் உண்டு, கருவியின் கணினிக்கு வைரஸ் வந்தால் யார் பொறுப்பு என்ற அவர்களுடைய கவலை நியாயமானது, ஆகவே கோப்புகள் எப்படிக் கிடைக்கும் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

துகள் அளவை அளக்க இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருள் போதும். படத்தில் உள்ள அளவுக்கோட்டின் மேல் கோடு வரைந்து அளவை நிர்ணயித்துக்கொண்டு, பல படங்களிலிருந்து குறைந்தது இருநூறு துகள்களையாவது அளந்து பரவல் வரைபடம் இடுங்கள். பெரிதும் தெளிவுமான துகள்களை மட்டும் கண் தேடிப் போகும் என்பதால், ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் அதில் முழு விளிம்பு தெரியும் எல்லாத் துகள்களையும் அளந்துவிட வேண்டும். எக்ஸ்கதிர் விளிம்பு வளைவிலிருந்து ஷெரர் சமன்பாட்டால் பெற்ற அளவோடு இது பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். அங்கே கிடைப்பது படிகத்துண்டின் அளவு, ஒரு துகளுக்குள் பல படிகத்துண்டுகள் இருக்கலாம். வெளிச்சமும் வேறுபாடும் படம் முழுவதற்கும் ஒரே சீராக மாற்றப்படலாம். ஒரு பகுதியை மட்டும் அழிப்பதும் ஒட்டுவதும் ஆய்வு நெறிக்குப் புறம்பானவை.

கட்டுரையில் உருப்பெருக்க எண்ணை விட அளவுக்கோடே முக்கியம், படம் அச்சில் சுருங்கினாலும் விரிந்தாலும் கோடும் உடன் மாறும். செய்முறைப் பகுதியில் கருவியின் தயாரிப்பாளர், மாடல் எண், மின்னழுத்தம், பூச்சு உலோகமும் அதன் தடிமனும், கிரிட்டின் வகை ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றை அன்றே குறித்துக்கொள்ளாதவர்கள் ஆறு மாதம் கழித்து மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கிறார்கள். நன்றியுரையில் மையத்தின் பெயரைக் குறிப்பிடுவது பெரும்பாலான மையங்களின் விதி. கருவியை இயக்கியவர் மாதிரித் தயாரிப்பை வகுத்துத் தந்து, படங்களுக்குப் பொருள் காண்பதிலும் பங்கெடுத்திருந்தால், அவரை இணை ஆசிரியராகச் சேர்ப்பதைப் பற்றி நெறியாளரிடம் கட்டுரை அனுப்பும் முன்பே பேசிவிடுங்கள். திறனாய்வாளர் இன்னொரு படம் கேட்கக்கூடும் என்பதால், மீதமுள்ள மாதிரியைத் தேதியும் தொகுதி எண்ணும் ஒட்டிய குப்பியில் உலர்கலத்திலும், கிரிட்டுகளை அவற்றுக்கான பெட்டியில் எந்தக் குழியில் எது என்ற குறிப்போடும், கட்டுரை அச்சாகும் வரை வைத்திருங்கள்.